டாலரைத் திட்டும் கெட்டில் முதலாளி

உலகச் சந்தையைக் கரைத்துக் குடித்த பிறவி ஒன்று நம்மிடையே உலவுகிறது. காரண முதலாளி என்று அதற்குப் பெயர் வைக்கலாம். தன் சரக்கு வெளிநாட்டில் ஏன் விலைபோகவில்லை என்பதற்கு அவரிடம் காரணம் தீர்ந்ததாகச் சரித்திரமே இல்லை.

நம்மவர் செய்வது கெட்டில். டாலர் இறங்கிவிட்டது, கப்பல் கூலி ஏறிவிட்டது, எங்கோ யாரோ சண்டை போடுகிறார்கள், அரசாங்கம் சலுகையைப் பிடுங்கிவிட்டது, அந்த ஊர்களில் குளிர் குறைந்துபோய் வெந்நீர் குடிப்பாரே இல்லை என்று கருத்தரங்கு தவறாமல் மைக்கைப் பிடித்து விளாசுவார். கைதட்டல் பறக்கும். கெட்டிலின் கைப்பிடி சுடுகிறது என்று வந்த புகார்கள்? மூச்சு விடமாட்டார்.

"அண்ணே, கைப்பிடிய மாத்திடலாம்ணே," என்பார் தொழிற்சாலையைப் பார்த்துக்கொள்ளும் தம்பி.

"போடா, டாலர் ஏறட்டும், எல்லாம் சரியாயிடும்!"

டாலர் ஏறினால் கைப்பிடி ஆறிவிடுமா? கேட்டால் முறைப்பார்.

வாங்குகிறவர்கள் ஒவ்வொருவராகக் கழன்றுகொள்ள, மிஞ்சியது ஒரே ஒரு வெளிநாட்டுக்காரர். அவரும் போனால் தொழிலாளிகளில் பாதிப் பேரை வீட்டுக்கு அனுப்ப வேண்டியதுதான். அந்த மனிதர் நேரிலேயே வந்து உட்கார்ந்தார். தம்பி மொழிபெயர்க்க, அண்ணன் திரையில் படம் படமாக ஓடவிட்டு உலகப் பொருளாதாரத்தை அலசிப் பிழிந்து காயப்போட்டார். கொட்டாவியை அடக்கிக்கொண்ட விருந்தாளி, உங்கள் கெட்டிலிலேயே ஒரு டீ கிடைக்குமா என்றார்.

முதலாளிக்குச் சந்தோஷத்தில் தலைகால் புரியவில்லை. தானே ஊற்றுவதாக எழுந்தார். பேச்சை நிறுத்தாமலே, வீட்டில் தினமும் செய்கிற பழக்கத்தில், பையிலிருந்த கைக்குட்டையை எடுத்து நாலாக மடித்து, கைப்பிடியில் சுற்றிக் கெட்டிலைத் தூக்கினார்.

விருந்தாளி ஏதோ கேட்டார். தம்பியின் முகம் செத்துப்போயிற்று.

"என்னடா சொல்றார்?"

"ஒவ்வொரு கெட்டிலுக்கும் ஒரு கைக்குட்டை சேத்து அனுப்புவீங்களான்னு கேக்கறார்ணே."

டீயைக் குடித்துவிட்டு, ஆர்டர் கொடுக்காமலே அவர் கிளம்பிவிட்டார். சொன்னபடியே பாதிப் பேருக்கு வேலை போயிற்று. பாவம், கைப்பிடியை வடிவமைத்தது அவர்களா? முதலாளி மட்டும் அசரவில்லை. "நான்தான் அப்பவே சொன்னேனே, டாலர் சரியில்லன்னு!"

சிரிக்கிறீர்களா? நன்றாகச் சிரியுங்கள். நீங்கள் எதையும் ஏற்றுமதி செய்பவரில்லைதான். ஆனால் பதவி உயர்வு பக்கத்து மேசைக்காரருக்குப் போனபோது வீட்டில் என்ன காரணம் சொன்னீர்கள்? அதை அவர்கள் நம்பிவிட்டார்கள் என்றா இன்னும் நினைத்துக்கொண்டிருக்கிறீர்கள்?