கசடு காட்டிய தொழில்

காமென் தோல் ஊரில் அந்த வசந்த காலத்தில் ஒரு வரிசை நின்றது. அதன் தலை பண்பாட்டு மண்டபத்தின் மேடையில் இருந்தது. வால் எங்கே இருந்தது என்று யாருக்கும் தெரியாது. பக்கத்து ஊர்க்காரர்கள் சிலர், சூரியகாந்தி எண்ணெய் மலிவாகக் கொடுக்கிறார்கள் என்று நினைத்து வாலில் சேர்ந்து, பகலெல்லாம் நின்று, மேடைக்கு வந்து, எதிர்காலத்தைத் தெரிந்துகொண்டு, எண்ணெய் இல்லாமல் வீட்டுக்குப் போனார்கள். பொய்யென்றால் அவர்களையே கேளுங்கள். இன்னும் தாளிக்கவில்லை.

வரிசையில் நின்ற உள்ளூர்க்காரர் ஒவ்வொருவர் கையிலும் ஒரு காப்பிக் கோப்பை, சாசரில் கவிழ்த்து, கைக்குட்டையில் சுற்றி. எல்லாம் ஒரே மாதிரி: வெள்ளைக் கோப்பை, நீல வளையம். ஊருக்குச் சோறு போட்ட நிலக்கரிக்கட்டி ஆலை தன் வெள்ளிவிழாவில் தொழிலாளி ஒவ்வொருவருக்கும் கொடுத்த பரிசு. பேக்கரியில் காப்பி கொடுப்பதும் அதே கோப்பையில்தான். ஆலையை மூடிவிட்டார்கள். கோப்பைகளுக்கு ஒன்றும் ஆகவில்லை.

ஆலை போனதும் ஊரே புதுத் தொழில் கற்கவேண்டியதாயிற்று. இருபது வயதில் படிப்பது வேறு, நாற்பதைத் தாண்டிப் படிப்பது வேறு. "படிக்கப் போகிறேன், கொஞ்சம் பொறு" என்றால் மின்சார மீட்டர் கேட்குமா? வங்கிதான் கேட்குமா?

அப்படிப்பட்ட நேரம் பார்த்து வந்து இறங்கினார் மாஸ்டர் ஓரியோன். வெள்ளிநிறத் தாடி, ஊதா அங்கி. குடித்து முடித்த கோப்பையின் அடியில் தங்கும் காப்பிக் கசட்டில் குறி பார்ப்பது எங்கள் சமையலறைகளில் அன்றாடம் நடப்பதுதான். பக்கத்து வீட்டுக்காரி கோப்பையை எட்டிப் பார்த்து, "கடிதம் வருது, உயரமா ஒருத்தன் வர்றான்" என்பாள். காசு வாங்க மாட்டாள். உயரமானவனும் வரமாட்டான். கணக்கு சரியாகிவிடும். மாஸ்டர் அதே வேலைக்கு ஒரு கட்டணத்தையும் ஒரு ஒலிபெருக்கியையும் சேர்த்தார். உடனே அது ஞானமாகிவிட்டது.

"வெறும் வயித்துல, வீட்டுல குடிச்ச காலைக் காப்பி! அதுதான் உண்மை பேசும்!" என்று முழங்கினார். "உங்களுக்கான தொழில் கசட்டுல இருக்கு. அதைக் கத்துக்கிட்டா பில்லெல்லாம் தானா அடையும்!"

கசடு காட்டிய தொழில்கள் மொத்தம் மூன்றே: சூடான கல் வைத்து உடம்பு பிடித்துவிடுவது, வாசனை மெழுகுவர்த்தி செய்வது, நாய்க்கு முடி வெட்டுவது. என்ன அதிசயமோ, மாஸ்டரின் தங்கை தில்யானா அதே மண்டபத்து நிலவறையில் கற்றுக்கொடுத்ததும் அதே மூன்றுதான். கட்டணம் முன்பணம். ஆலையில் கன்வேயர் பெல்ட் ஓட்டிய ஸ்பாஸ் தன் காரை விற்றுக் கல் வைத்தியம் படித்தான். எங்கள் ஊரில் குளிக்கும்போதே ஸ்வெட்டரைக் கழற்ற யோசிப்பார்கள். ஸ்பாஸ் இன்றுவரை கல்லைச் சூடாக்கிக்கொண்டிருக்கிறான். படுக்கத்தான் ஆளில்லை.

ஆலையில் பளுதூக்கி இயந்திரங்களைப் பழுதுபார்த்துவந்த ரங்கெலுக்கு லிஃப்ட் மெக்கானிக் ஆக ஆசை. மாவட்டத் தலைநகரில் பயிற்சிப் பள்ளி இருந்தது. திங்கட்கிழமை சேரக் கடைசி நாள். கட்டணப் பணம் உறையில் போட்டு அவன் கோட்டின் உள்பையில் இருந்தது. ஆனால் ரங்கெல் போகவில்லை. சமையலறையில் உட்கார்ந்து பெருமூச்சு விட்டுக்கொண்டிருந்தான்.

"படிப்பு முடியிற வரைக்கும் வீட்டை நான் பாத்துக்கறேன்னு சொன்னேன்ல?" என்றாள் அவன் மனைவி நெவெனா. பேக்கரியில் வேலை, கையில் எப்போதும் மாவு. "கராஜை வாடகைக்கு விட்டாச்சு. குளிர்காலத்துல ஒரே ரூம்லதான் சூடு போடுவோம். உதவித்தொகை கொஞ்சம் வரும். ஞாயித்துக்கிழமையும் நான் வேலைக்குப் போறேன். இன்னும் என்ன?"

"கணக்கெல்லாம் சரிதான். ஆனா எனக்கு வயசு நாப்பத்தஞ்சு. பொடிப்பசங்க நடுவுல உக்காந்து படிச்சு, ஃபெயிலாயிட்டா? உன் உழைப்பும் போச்சு, பணமும் போச்சு. ஒரு அறிகுறி வேணும், நெவெனா. மாஸ்டர்கிட்ட கேட்டுடறேன்."

"அறிகுறியா? நம்ம கட்டடத்து லிஃப்ட் மூணு வருஷமா நாலாவது மாடியிலயே நிக்குது. அதைவிட என்னய்யா அறிகுறி வேணும் உனக்கு?"

"கசடு வேற சொன்னா?"

"கசடு சொன்னா பணத்தை அவன்கிட்ட கொடுத்துடுவியா?"

ரங்கெல் தரையைப் பார்த்தான். தரைக்குப் பதில் தெரிந்திருந்தது.

நெவெனா சற்று யோசித்தாள். "சரி, போ. ஆனா கடைசியா போ. நீ குடிச்ச கோப்பையை நானே பத்திரமா எடுத்துட்டு வர்றேன். உன் கையில இருந்தா மண்டபம் போறதுக்குள்ள உடைச்சிடுவே."

இத்தனை வருடக் குடித்தனத்தில் நெவெனா இவ்வளவு சீக்கிரம் விட்டுக்கொடுத்ததில்லை. ரங்கெல் சந்தேகப்பட்டிருக்க வேண்டும். சந்தேகப்படுகிறவன் எதற்கு மாஸ்டரிடம் போகிறான்?

சனிக்கிழமை மண்டபம் பிதுங்கியது. ரங்கெல் கடைசி நாற்காலியில் இருந்து பார்த்தான். பேக்கரியில் அடுப்பு பார்க்கும் பொலினா மேடையேறினாள். மாஸ்டரின் கண் முதலில் அவள் செருப்புக்குப் போனது, அப்புறம் தடித்த கைகளுக்கு. அங்கெல்லாம் வேலை முடிந்தபிறகே கோப்பைக்கு வந்தது.

"கல்!" என்று அலறினார். "சூடான கல் தெரியுது! இந்தக் கை முதுகு பிடிக்கப் பொறந்த கை!"

பிறகு மாவு லாரி ஓட்டும் மித்கோ. அவன் கால்சட்டை முழுக்க நாய் முடி. "நாய்! வாலோட தெரியுது!" என்றார். கூட்டம் சிலிர்த்தது. இன்னும் சிலருக்குப் பின் நெவெனாவே ஏறினாள். வனிலா வாசனை மாஸ்டரின் மூக்கை எட்டியது. "மெழுகுவர்த்தி! மணக்குதம்மா உன் எதிர்காலம்!"

கடைசியில் ரங்கெல். படியோரம் நெவெனா ஒரு கைக்குட்டை மூட்டையை அவன் கையில் வைத்தாள். மாஸ்டர் பிரித்தார். சுழற்றினார். பழைய ஆலைச் சட்டையைப் பார்த்தார். கோட்டின் உள்பையை அழுத்திக்கொண்டிருந்த கையையும் பார்த்தார்.

"லிஃப்ட் படிக்கலாம்னு இருக்கேன், மாஸ்டர்."

"இரும்பே இல்லையேப்பா இதுல! நாய்தான் இருக்கு. அதுவும் பக்கத்துல ஒரு பாம்பு. பாம்பை விலக்கத் தனியா கட்டணம். ரெண்டையும் இப்பவே கட்டிட்டா விதி திறந்துக்கும்."

தில்யானா ரசீதுப் புத்தகத்தைத் திறந்தாள். ரங்கெலின் விரல்கள் உறையைத் தொட்டன. பாதி வெளியே வந்துவிட்டது.

"மாஸ்டர், ஒரே ஒரு கேள்வி," என்று கீழேயிருந்து நெவெனாவின் குரல் வந்தது. "பணம் கட்டுறதுக்கு முன்னாடி, இந்தக் கோப்பையில குடிச்ச ஆளு எப்படிப்பட்டவர்னு சொல்லுங்க. ஒளிக்காம சொல்லுங்க."

பயந்தவன் சீக்கிரம் கட்டுவான் என்பது மாஸ்டரின் அனுபவம். குரலைத் தாழ்த்தினார்.

"சொன்னா வருத்தப்படக்கூடாது. சோம்பேறி. ஒரு தொழிலும் உருப்படியா தெரியாது. அடுத்தவன் சோத்துல காலத்தை ஓட்டுற ஆளு."

ரங்கெலின் காது சிவந்தது. நெவெனா மேடையேறிக் கோப்பையைத் தூக்கிக் காட்டினாள்.

"நல்லா கேட்டுக்குங்க. பொலினா கொண்டுவந்தது இந்தக் கோப்பை. மித்கோ கொண்டுவந்ததும் இதுதான். நானும் இதைத்தான் கொண்டுவந்தேன். எங்க பேக்கரி ஆளுங்களுக்குள்ளயே கைமாறிட்டிருந்தது. ஒரே கசடு. கல்லு, நாய், மெழுகுவர்த்தி, மறுபடி நாய், கூட ஒரு பாம்பு. இது கோப்பையா, சந்தையா?"

மண்டபத்துத் தலைகள் எல்லாம் மாஸ்டர் பக்கம் திரும்பின. ஆனால் மாஸ்டர் லேசான ஆள் இல்லை. "அறியாமை!" என்று சிரித்தார். "கசடு பிடிச்சிருக்கிற கைக்குத் தகுந்த மாதிரி பேசும்!"

"அதானே!" என்றது கூட்டம் நிம்மதியாக. முன்பணம் கட்டியவர்களின் குரல் சற்று அதிகமாகவே கேட்டது.

"கையிலதான் விஷயம்னா, வெறும் வயித்துல குடிச்சுட்டு வரணும்னு எதுக்கு எங்களைக் கொன்னீங்க?"

"குடிச்சவரோட மூச்சும் அதுல இருக்கணும். அதுதான் மூலம்."

"அப்ப சரி. இதைக் குடிச்சது நீங்கதான்."

அதுவரை ஆடிக்கொண்டிருந்த மாஸ்டரின் தாடி நின்றுபோனது.

"இன்னைக்குக் காலையில, எங்க கடையில, ஜன்னலோரம். சீஸ் வச்ச பனித்ஸா ரெண்டு சாப்பிட்டுட்டு, கடன் கணக்குல எழுதிக்கச் சொல்லிட்டு எழுந்து போனீங்க. மேசை துடைச்சது நான். கவுத்து வச்சது நான்."

"பொய்! இது என் கோப்பை இல்ல!"

"இல்லையா? அப்ப யாரோடது? ஒவ்வொரு தடவையும் உள்ளே எட்டிப் பார்த்தீங்களே, சொல்லுங்க!"

மாஸ்டர் கோப்பையைப் பார்த்தார். கோப்பை மாஸ்டரைப் பார்த்தது. இரண்டுக்கும் ஒன்றும் புலப்படவில்லை.

பின்வரிசையிலிருந்து ஸ்பாஸ் கத்தினான்: "சோம்பேறி, ஒரு தொழிலும் தெரியாது, அடுத்தவன் சோத்துல... அண்ணே, அந்தக் குறி மட்டும் அச்சு அசலா பலிச்சிருக்கே!"

முதலில் சிரிப்பு வெடித்தது. அப்புறம் நாற்காலிகள் நகர்ந்தன. தில்யானா பணப்பெட்டியோடு பின்வாசலை அடைந்தபோது, அங்கே பொலினா நின்றிருந்தாள், முதுகு பிடிக்கப் பிறந்த கைகளைக் கட்டிக்கொண்டு. பெட்டி திரும்பி வந்தது. மாஸ்டரின் தாடி ஒரு பக்கம் கழன்று தொங்கியது. விதி திறந்துகொண்டது என்று ஊரில் பேசிக்கொண்டார்கள்.

வெளியே வந்ததும் ரங்கெல் சொன்னான்: "இப்பவும் பயமாத்தான் இருக்கு, நெவெனா."

"எனக்கும்தான். அதுக்கென்ன? ஃபெயிலானா மறுபடி எழுது. பயத்தை எவன்கிட்டயாவது கொடுத்தா அவன் பணத்தை மட்டும் எடுத்துக்கிட்டு பயத்தைத் திருப்பிக் கொடுத்துடுவான்."

திங்கட்கிழமை ரங்கெல் ரயிலேறினான். சேர்ந்தான். திரும்பி வரும்போது மண்டப வாசலில் ஒரு புது வரிசை. மொச்சைக் கொட்டைகளைப் பரப்பிக் குறி சொல்லும் அம்மா ஒருத்தி வந்திருந்தாள்.

"வா ரங்கெல், நில்லு!" என்று கூப்பிட்டார்கள். "காப்பி ஏமாத்தும்ப்பா, ஒத்துக்கறோம். மொச்சை பொய் சொல்லாது!"

ரங்கெல் கோட்டுப் பையை வெளியே இழுத்துக் காட்டினான். "கட்டணம் கட்டியாச்சு. பை காலி."

வாசலில் நின்று அழைத்துக்கொண்டிருந்த அம்மாவின் ஆள் உடனே முகத்தைத் திருப்பிக்கொண்டான். எங்கும் அப்படித்தான். பையில் காசு இருக்கும்வரைதான் உங்கள் எதிர்காலம் எல்லோருக்கும் தெரிகிறது. காலியானதும் ஒருவருக்கும் தெரிவதில்லை. ஏன் என்று கொஞ்சம் யோசியுங்கள். யோசிக்க முன்பணம் கிடையாது. தலை ஒன்று போதும். அதுவும் தொப்பி மாட்டுவதற்காக மட்டும் முளைத்ததல்ல.