கீறல் விழாத பின்பெட்டி

எங்கள் வாரிங்கல் புறநகரில் ஒரு மனித இனம் பெருகிக்கொண்டு வருகிறது. வாரத்தில் ஐந்து நாள் கம்ப்யூட்டர் முன்னால் குனிந்து கிடக்கும். சனிக்கிழமை காலையில் வெளியே வந்து, தன் யூட் வண்டிக்குப் பக்கத்தில் இடுப்பில் கைவைத்துக்கொண்டு நிற்கும். யூட் என்றால் முன்னால் ஆளும் பின்னால் சுமையும் போகிற வண்டி என்றா நினைக்கிறீர்கள்? பாவம், நீங்கள் பழைய காலத்து ஆள்.

அப்போதெல்லாம் அதில் இரண்டே இருக்கைகள். ஒன்றில் கொத்தனார், இன்னொன்றில் அவருடைய சாப்பாட்டுப் பெட்டி. பின்னால் சிமெண்டு, மண்வெட்டி, காற்றில் காது பறக்க ஒரு நாய். பிறகு இன்னும் இரண்டு கதவுகள் முளைத்தன, பிள்ளைகள் ஏறினார்கள், பிள்ளைகள் படம் பார்க்கத் திரை வந்தது, கோப்பை வைக்க எட்டுக் குழிகள் வந்தன, தோல் இருக்கை வந்தது, அந்தத் தோலைச் சூடாக்க ஒரு பொத்தான் வந்தது. உட்காரும் இடம் வளர வளரப் பின்பெட்டி சுருங்கிக்கொண்டே போய், கடைசியில் அதற்கும் ஒரு மூடி போட்டுப் பூட்டிவிட்டார்கள். நாயை வீட்டிலேயே நிறுத்திவிட்டார்கள். முடி கொட்டுகிறதாம்.

என் பக்கத்து வீட்டு வார்விக்கை எடுத்துக்கொள்ளுங்கள். காப்பீட்டு அலுவலகத்தில் மேசை வேலை. ஆற்றில் இறங்கினால் எஞ்சினுக்கு மூச்சு முட்டக்கூடாது என்று கூரை வரைக்கும் ஒரு குழாய் பொருத்தியிருக்கிறார். அந்த வண்டி இதுவரை கண்ட தண்ணீர், கார் கழுவுமிடத்துத் தண்ணீர்தான். மணலில் சக்கரம் புதைந்தால் அடியில் கொடுக்க இரண்டு ஆரஞ்சுப் பலகைகள், விலைச்சீட்டோடு. பக்கவாட்டில் ஒரு மண்வெட்டி. அதற்கும் மண்ணுக்கும் இன்னும் அறிமுகமாகவில்லை. எதற்கு இதெல்லாம் என்று கேட்டுப் பாருங்கள்.

"எப்ப தேவைப்படும்னு சொல்ல முடியாது மச்சான்" என்பார், கண்ணைத் தூரத்தில் எங்கோ வைத்துக்கொண்டு. தூரத்தில் சூப்பர் மார்க்கெட் இருக்கிறது.

அங்கே வாங்கும் சாமான்கூடப் பின்பெட்டிக்குப் போகாது. பால் டப்பா உருண்டு கீறிவிடுமே! எல்லாம் பின்சீட்டுக்குத்தான். அவருடைய பதினொரு வயது மகள் பிப், காலை உருளைக்கிழங்கு மூட்டைமேல் தூக்கி வைத்துக்கொண்டு வளர்ந்தவள்.

இப்படி இருக்கையில், தேவை உண்மையாகவே வந்துவிட்டது.

எங்கள் ஊர்ப் பெண்பிள்ளைகள் பந்து விளையாடும் நெட்பால் கிளப் வருஷா வருஷம் வசந்தம் பிறந்ததும் ஆட்டுப்புழுக்கை விற்கும். மூட்டை மூட்டையாகத் தோட்டக்காரர்கள் வாங்குவார்கள். இந்த முறை அந்தப் பணத்தில்தான் பிப்பின் அணி பல்லாரட் ஊரில் நடக்கும் போட்டிக்குப் பஸ் ஏறவேண்டும். இருநூறு மூட்டை. ஒவ்வொரு வருஷமும் எல்லாவற்றையும் தன் ஓட்டை யூட்டில் ஏற்றிப் போகும் பிளம்பர் டெவிட்டாவுக்கு மூட்டை கொடுக்கவேண்டிய சனிக்கிழமை பார்த்துக் கியர்பாக்ஸ் போய்விட்டது. மூட்டைகளோ கிளப் மண்டபத்து வாசலில். மண்டபத்தில் மூன்று மணிக்கு ஒரு கல்யாண விருந்து. அதற்குள் வீடு வீடாகக் கொண்டுபோய்ச் சேர்க்காவிட்டால், பணத்தைத் திருப்பிக் கொடுத்துவிட்டுப் பெண்கள் வீட்டில் உட்காரவேண்டியதுதான்.

கிளப் செயலாளர் ரேலீன் நிமிர்ந்து பார்த்தாள். வண்டி நிறுத்துமிடத்தில் பதினோரு யூட்கள் பளபளவென்று நின்றன.

"நல்ல வேளை! ஆளுக்குப் பத்தொம்பது மூட்டை ஏத்தினா ஒரு மணி நேரத்துல முடிஞ்சிரும். யாரு முதல்ல?" என்றாள்.

யூட்காரர்கள் எல்லோர் கையிலும் இருந்த, கிளப்பில் சுட்டு ரொட்டியில் சுருட்டிக் கொடுத்த சாசேஜ் சட்டென்று வாய்க்குள் போய்விட்டது. மென்றார்கள். நெடுநேரம் மென்றார்கள். ஒருவருக்கு முதுகுப் பிடிப்பு. இன்னொருவருடைய மூடியின் சாவி மனைவியிடம் இருந்தது, மனைவி பாலித் தீவில் இருந்தாள். மூன்றாமவர் அது ஆபீஸ் வண்டி என்று சொல்லி, தன் வண்டியைத் தானே சந்தேகமாகப் பார்த்தார்.

"வார்விக், நீ?"

"இது மூணரை டன் இழுக்கும் ரேலீன்."

"இழுக்க வேணாம்பா. சுமந்தா போதும்."

"இல்ல, போன மாசம்தான் உள்ள பூச்சு பூசினேன். அது கொஞ்சம் செட் ஆகணும்..."

அணிப் பாவாடையோடு நின்ற பிப் அப்பாவைப் பார்த்தாள். "அப்பா, ஒரு டன் ஏத்தலாம்னு நேத்துகூட எல்லார்கிட்டயும் சொன்னீங்களே. நான் பல்லாரட் போகணும்பா."

வார்விக்குக்கு முகம் சிவந்தது. மகளைப் பார்த்தார், பின்பெட்டியைப் பார்த்தார், மறுபடி மகளைப் பார்த்தார். அந்த மனிதர் பட்ட வேதனையைச் சொல்கிறேன், சிரிக்காதீர்கள், எனக்கே பாவமாக இருந்தது. கடைசியில் வீரமாக நடந்துபோய்ப் பின்கதவைத் திறந்தார். பெட்டியை அல்ல. பிள்ளைகள் ஏறும் கதவை.

"உள்ள வைங்க" என்றார்.

அவர் மனைவி டோனியா ஓடிவந்தாள். "உனக்குப் புத்தி கெட்டுப் போச்சா? தோல் சீட்டு!"

"தோலைத் தொடச்சிக்கலாம் டோனியா. பெட்டியில கீறல் விழுந்தா விழுந்ததுதான்."

இருக்கையில் கனம் ஏறியதும் வண்டி கூவத் தொடங்கியது. யாரோ பெல்ட் போடவில்லை என்று அதற்குக் கவலை. எனவே ஒவ்வொரு மூட்டைக்கும் பெல்ட் மாட்டினார்கள். முன்சீட்டு மூட்டைக்கு வார்விக்கே மாட்டிவிட்டார், பதனமாக. சூடேற்றும் பொத்தானை அணைக்க மட்டும் மறந்துவிட்டார்.

வழி தெரிந்துவிட்டதல்லவா? மற்றவர்களுக்கும் உயிர் வந்தது. முதுகுப் பிடிப்பு இளகியது. அன்று மதியம் வரை வாரிங்கல் தெருக்களில் பதினோரு யூட்கள், பின்பெட்டி பூட்டியபடி, உள்ளே பெல்ட் போட்ட ஆட்டுப்புழுக்கை மூட்டைகளோடு, ஜன்னல் வழியே தலையை நீட்டி மூச்சுவிடும் ஓட்டுநர்களோடு போய்ப்போய் வந்தன. ஒரு நடையில் முடியவேண்டியது நான்கு நடை ஆயிற்று. இரண்டே முக்காலுக்குக் கடைசி மூட்டை போயிற்று, மூன்றுக்கு மணப்பெண் வந்து இறங்கினாள்.

பிப்பின் அணிக்குப் பஸ் உறுதியாயிற்று. அடுத்த சனிக்கிழமை அவளை அந்தப் பஸ்ஸில் ஏற்றிவிட வார்விக் வண்டியை எடுத்தார். வாரம் முழுக்கக் கழுவியும் வாசனை போகவில்லை. பிப் கதவைத் திறந்தாள், மூடினாள், மூக்கைப் பிடித்துக்கொண்டாள்.

"அப்பா, நான் பின்பெட்டியில உக்காந்து வர்றேன். மனுஷங்க உக்கார்ற மாதிரி இருக்கறது அது ஒண்ணுதான்."

வார்விக் யோசித்தார். வேலியோரத்தில் நின்று நானே பார்த்தேன், உண்மையாகவே யோசித்தார்.

"ஷூவைக் கழட்டிருவியா?" என்று கேட்டார்.

சிரியுங்கள். ஆனால் உங்கள் வீட்டு டிவி ரிமோட்டின் பிளாஸ்டிக் உறையை இன்னும் கழற்றாமல், எண்ணே தெரியாமல் அமுக்கிக்கொண்டிருக்கிறீர்களே, அதை மடியிலிருந்து இறக்கி வைத்துவிட்டுச் சிரியுங்கள். நான் சிரிக்கவில்லை. அந்த முதுகுப் பிடிப்பு என்னுடையது. இதை எழுதும்போதும் என் வண்டியின் நான்கு ஜன்னல்களும் திறந்துதான் கிடக்கின்றன. பின்பெட்டியில் மட்டும், ஆண்டவன் புண்ணியத்தில், ஒரு கீறல் இல்லை.