ஒரு முழம் கேபிள்

ஹாலில் ஜன்னலோரம் என் கம்ப்யூட்டர் இருக்கும் மூலையை யாருக்கும் விட்டுத் தர மாட்டேன் என்று ஞாயிற்றுக்கிழமை காலையில் சபதம் எடுத்தேன். யாருக்கும் என்றால் என் மனைவிக்கு. அந்த வெளிச்சத்தில் அவளுக்குத் தையல் மெஷின் போட வேண்டுமாம்.

"அது ஆன் ஆகறதுக்குள்ள நான் குளிச்சு, துணியும் காயப் போட்டுடுவேன்" என்றாள்.

"சாயங்காலத்துக்குள்ள விண்டோஸை எடுத்துட்டு லினக்ஸ் போட்டுக் குதிரையா ஓட விடறேன். ஓடினா மூலை எனக்கு."

"சரி."

அவள் ஒரே வார்த்தையில் ஒத்துக்கொண்டபோதே எனக்கு உறைத்திருக்க வேண்டும். எங்கே உறைத்தது?

பாதி ஏறியதும் லினக்ஸ் இன்டர்நெட் கேட்டது. அந்தக் கிழட்டுப் பெட்டிக்கோ வைஃபை பிடிக்கத் தெரியவில்லை. பிடிக்கக் கற்றுக்கொடுக்கும் டிரைவர் என்கிற மென்பொருள் இன்டர்நெட்டில்தான் இருக்கிறது. பைத்தியம் தெளிந்தால் கல்யாணம், கல்யாணம் ஆனால் பைத்தியம் தெளியும்.

"என் லேப்டாப்ல வர்ற நெட்டைக் கேபிள் போட்டு அதுக்குக் குடுக்கலாமே" என்றாள், பின் அறையிலிருந்து.

"அப்ப லேப்டாப்பை இங்க கொண்டு வா."

"பேட்டரி போயிடுச்சு. பிளக்கைப் பிடுங்கினா அணைஞ்சிடும். ஆபீஸ் ஃபைல் ஏறிட்டிருக்கு."

"என்கிட்ட கேபிள் ஒரு முழம்தான் இருக்கு."

"அப்ப உங்க பெட்டிதான் வரணும்."

வந்தது. மானிட்டர், மேசை, நாற்காலி எல்லாம் வந்தன. சுமந்தவன் நான். மேசையின் மறுமுனையை அவளே பிடித்தாள். என்ன இருந்தாலும் கட்டினவள் கட்டினவள்தான் என்று மனசு உருகிவிட்டது.

"லேப்டாப்பை ரெண்டு நிமிஷம் தொடாம விட்டா தூங்கிடும், நெட்டும் போயிடும். ஆபீஸ்ல அப்படிப் பூட்டி வெச்சிருக்காங்க. பக்கத்துலயே உக்காந்து தடவிக்கிட்டே இருங்க."

"எவ்வளவு நேரம்?"

"முடியற வரைக்கும்."

பன்னிரண்டு சதவீதம். தடவினேன். கால் தானாக ஆடியது. நகத்தைக் கடித்தேன். எழுந்தேன், உட்கார்ந்தேன், தடவினேன். பதின்மூன்று. ஹாலில் எதையோ கரகரவென்று இழுக்கும் சத்தம்.

"அங்க என்ன சத்தம்?"

"பெருக்கறேன்."

"துடைப்பம் இப்படியா கத்தும்?"

"சந்தேகமா இருந்தா வந்து பாருங்க. லேப்டாப் தூங்கினா என்னைக் கேக்காதீங்க."

அறை வாசல் வரை போனேன். திரை மங்கியது. பதறித் திரும்பி வந்து தடவினேன். கட்டிப் போட்ட கன்றுக்குட்டிகூட இன்னும் இரண்டடி கூடுதலாகப் போய்வரும்.

ஒருவழியாக நூறு ஆனது. வைஃபை மட்டும் கடைசிவரை மசியவில்லை. கேபிள்தான் இருக்கிறதே என்று விட்டுவிட்டேன். மற்றபடி பெட்டி ஓடியது, குதிரைதான். மீசையை முறுக்கிக்கொண்டு ஹாலுக்கு வந்தேன்.

ஜன்னலோரம் தையல் மெஷின். பக்கத்தில் திரைச்சீலைத் துணியோடு எதிர்வீட்டு அக்கா.

"ஓடினா மூலை எனக்குன்னுதானே பேச்சு?" என்றேன்.

"உங்களுக்குத்தான், யார் இல்லைன்னா? கொண்டு வந்து வெச்சுக்கோங்க. கேபிள் எட்டுதான்னு மட்டும் பாருங்க" என்றாள் மனைவி, ஊசியில் நூல் கோத்தபடி.

"நாளைக்கே நீளக் கேபிள் வாங்கறேன். இந்த மெஷின் எத்தனை நாளைக்கு இங்க நிக்குதுன்னு பார்க்கறேன்."

எதிர்வீட்டு அக்கா இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்தார்.

"என்ன தம்பி இப்படிச் சொல்றீங்க? ஞாயித்துக்கிழமை நீங்களே மேசையைத் தூக்கி உள்ள போட்டுடுவீங்க, துணியோட வாங்கன்னு போன வாரமே சொல்லிட்டாளே."