வெள்ளிக்கிழமைப் புழுக்கள்

“எத்தன புழு?” என்று கத்தாரிலிருந்து அர்கம் கேட்டான்.

“இதுல மூணு. போன கெழம போட்டதுல பதினொண்டு,” என்றாள் நிஸ்மியா, கணினித் திரையைப் பார்த்து.

“அப்ப எட்டு எங்க போன, மகன்?” பக்கத்துக் கதிரையில் இருந்த ஹவ்வா மாமி கவலைப்பட்டாள்.

“இது கண்ணில்லாத அன்டிவைரஸ் உம்மா. வேறொண்டு போட்டு ஒப்பிட்டுப் பாப்பம்.”

கலியாணம் முடிந்து ஒரு மாதத்தில் போனவன். குறிஞ்சிப்பிட்டியில் அந்த வீட்டின் முன் அறை ஜன்னலடியில்தான் சிக்னல் வரும். அங்கேதான் கணினி, அங்கேதான் மாமியின் கதிரை. மகனின் குரலை ஸ்பீக்கரில் கேட்காவிட்டால் மாமிக்கு மனம் ஆறாது. நிஸ்மியாவுக்குக் கேட்க ஆயிரம் இருந்தது. மாமியை வைத்துக்கொண்டு புருஷனிடம் எதைக் கேட்பது? வெள்ளிதோறும் ஜும்ஆத் தொழுகை முடிந்து அவன் கோல் எடுத்தால் ஒரு மணித்தியாலமும் புழுக்கதைதான்.

இந்தச் சனியன் தொலைந்தால் வேறு கதை வரும் என்று நம்பினாள்.

மூன்றாவது அன்டிவைரஸ் இரண்டாவதையே புழு என்று பிடித்தது. இரண்டும் மல்லுக்கட்டியதில் கணினி மூச்சுவிட மறந்தது. நான்காவது, கலியாணப் படங்களைக் கவ்விக்கொண்டு போய் எங்கோ பூட்டி வைத்தது. நிஸ்மியாவுக்கு அழுகை வந்துவிட்டது.

“அழாத புள்ள, எடுக்கலாம். வாற வெள்ளிக்கு அஞ்சாவதப் போடுவம்,” என்றான் அர்கம். குரலில் அத்தனை உற்சாகம். கலியாணப் படம் தொலைந்ததில் இவருக்கென்ன சந்தோஷம் என்று அவளுக்கு எரிச்சலாக இருந்தது.

பொறுத்தது போதும் என்று கணினியை ஆட்டோவில் ஏற்றிப் பாலாவியில் ஒரு கடைக்குக் கொண்டுபோனாள். கடைக்காரர் படங்களை மீட்டு, மற்றதெல்லாம் துடைத்துக் கொடுத்தார்.

அடுத்த வெள்ளி.

“ஒரு புழுவும் இல்ல,” என்றாள் பெருமையாக.

“ஒண்டுமே இல்லியா?” அர்கமின் குரல் இறங்கியது.

“இல்ல.”

“நல்லம். மழையா அங்க?”

“இல்ல.”

மாமி தஸ்பீஹ் மணியை உருட்டிக்கொண்டு இருவரையும் கேட்டுக்கொண்டிருந்தாள்.

“அப்ப வெக்கட்டா?” என்றான்.

இரண்டு நிமிடம் கூட இல்லை. நிஸ்மியா போனைக் கையில் வைத்துக்கொண்டு நின்றாள். வெட்கத்தை விட்டுச் சொன்னால், அவளுக்குப் புழுக்கள் மேல் ஏக்கம் வந்தது. அவை இருந்தபோது, தேடல் முடியும்வரை அவன் மூச்சாவது காதில் கேட்டது.

அந்தக் கிழமையே அர்கமுடன் ஒரே அறையில் இருக்கும் நௌஃபர் லீவில் வந்து, பார்சலைக் கொடுத்தான். மாமி தேத்தண்ணி ஊற்ற உள்ளே போனதும், சட்டைப் பையிலிருந்து ஒரு பென் டிரைவை எடுத்து நீட்டினான்.

“போன தரம் பென் டிரைவ்ல அனுப்பினது லேசான புழு மச்சி. இதுல ஈக்கிறது எந்த அன்டிவைரசுக்கும் புடிபடாதாம். லீவு கெடைக்கிற வரைக்கும் தாங்குமெண்டு அர்கம் நானா தேடித் தேடி எடுத்தது.”