முன்வரிசையில் அருளானந்தன்

ரொறன்ரோவில் பகிடிக்குப் பேர்போன அருளானந்தன் பொங்கல் விழாவுக்கு வருகிறாராம். முன்வரிசையில் இடம் கேட்டாராம். அதுவும் குலேந்திரனின் பகிடியைக் கேட்கத்தானாம். சங்கச் செயலாளர் இளங்கோ இதைத் தொலைபேசியில் சொன்னதும் குலேந்திரன் சோபாவில் சரிந்தார்.

இவர்கள் குடியேறிய குரோருட்டில் தமிழரின் பொங்கல் விழா என்றால் பகிடிக்குக் குலேந்திரன்தான். அந்தப் பகிடிகள் ஐம்பதுகளில் அமெரிக்க மேடைகளில் கொடிகட்டிப் பறந்த மில்ட்டி பெல்மனுடையவை. பழைய சாமான் சந்தையில் வாங்கிய இசைத்தட்டிலிருந்து எடுத்தவை. புரூக்ளினைக் கொக்குவில் ஆக்கினார். பெல்மனின் மாமியாரைத் தன் மாமியார் ஆக்கினார். சொந்தமாகச் சேர்த்தது செருமல் ஒன்றுதான்.

"பிடிக்கத்தான் வாறார்," என்றார். அமெரிக்காவுக்குப் பக்கத்தில் இருப்பவருக்குப் பெல்மனைத் தெரியாமலா இருக்கும்?

"ஆரை?" என்றாள் மனைவி சிவநாயகி.

அவளுக்கும் இந்தக் களவு தெரியாது. மாமியார் பகிடி தன் தாயைப் பற்றியது என்று வருடா வருடம் கோபித்துக்கொள்பவள் அவள்.

தொண்டை கட்டிவிட்டதாக இளங்கோவுக்குச் சிவநாயகியைக் கொண்டு சொல்லுவித்தார். இளங்கோ பதறவில்லை. அந்த நேரத்தை அருளானந்தனுக்கே கொடுத்துவிடலாம் என்றான். தொண்டை உடனே சுகமானது.

அடுத்த யோசனை இன்னும் கேவலம். களவை அஞ்சலி ஆக்கிவிடுவது. பெல்மனின் வாழ்க்கையைச் சொல்லி, இடையிடையே அதே பகிடிகளை அவன் பேரிலேயே விடுவது.

விழாவில் 'ஒரு மாபெரும் கலைஞனுக்கு அஞ்சலி' என்று தொடங்கினார். தையற்காரனின் மகன். கழுத்துப்பட்டி விற்றவர். இரவு விடுதிகளில் ஏச்சு வாங்கி, தொலைக்காட்சிக்கு ஏறி, மூன்று கல்யாணம் கட்டி, கடைசியில் மேடையிலேயே நெஞ்சைப் பிடித்துக்கொண்டு காலமானார்.

காலமானார் என்றதும் மண்டபம் எழுந்தது. அஞ்சலி என்றால் எழும்பி நிற்கப் பழகிய சனம். இளங்கோ ஓடி வந்து ஒலிவாங்கியைப் பறித்து, அகவணக்கம் என்றான். வாயில் கடித்த வடையோடு எல்லோரும் தலை குனிந்தார்கள்.

அதற்குப் பிறகு பகிடி எடுபடுமா? குலேந்திரன் பெல்மனின் பேரில் மாமியார் பகிடியை அவிழ்த்துவிட்டார். ஒரு அம்மா கண்ணைத் துடைத்தார்.

"பாவம் அந்த மனிசி," என்றது பின்வரிசை. "மருமேனும் செத்துப்போனான்."

அருளானந்தன் மட்டும் முகம் வெளுத்து உட்கார்ந்திருந்தார். கோபம்தான் என்று குலேந்திரன் முடிவு கட்டினார். அவர் சொல்லுமுன் நாமே சொல்லிவிடலாம் என்று பட்டது.

"நான் இவ்வளவு காலமும் சொன்ன பகிடியெல்லாம் இந்தாளின்ரைதான். ஒண்டும் என்ரை இல்லை."

"அப்ப அது என்ரை அம்மா இல்லையோ?" என்றாள் சிவநாயகி. குரலில் ஏமாற்றம்.

யாரும் கைதட்டவில்லை. இத்தனை வருடம் சேர்த்த பேர் போயே போய்விட்டது. மேடையிலிருந்து இறங்கியவரை அருளானந்தன் கையைப் பிடித்து ஓரமாகக் கூட்டிப்போனார். அடிதான் விழப்போகிறது என்று குலேந்திரன் கண்ணை மூடினார்.

"அண்ணை," என்றார் அருளானந்தன், "உங்கடை வீடியோவைப் பார்த்துத்தான் நான் அங்கை இவ்வளவு நாளும் அதே பகிடியளை விட்டுப் பேரெடுத்தனான், இனி ஆரிட்டைப் போய் மன்னிப்புக் கேட்கிறது?"