மகாராணிக்கு வசனம் இல்லை

உலகெங்கும் நாடக அரங்குகளை நாடகம் போடக் கட்டுகிறார்கள். அரங்கை நாடகத்திடமிருந்தே காப்பாற்றிய பெருமை எங்கள் சுரங்க நகரத்துக்கு மட்டுமே உரியது. புனரமைப்புக் குழுவின் செயலாளன் என்ற முறையில் இதை அடக்கத்துடன் தெரிவித்துக்கொள்கிறேன்.

அந்தக் காலத்தில் சுரங்கத் தொழிலாளர்கள் ஷிப்ட் முடிந்து வந்து தாங்களே கட்டிய அரங்கு அது. மேடையேறினால் சுரங்க மேலாளரைக் கிழிகிழி என்று கிழிப்பார்கள். கூரை ஒழுகுகிறது என்று சொல்லி அதைப் பூட்டியதும் ஊரில் 'அமைதி' நிலவியது.

பிறகு 'பாரம்பரிய' மோகம் வந்தது. இப்போதைய மேலாளரே குழுத் தலைவரானார். கூரையை மாற்றினோம். திரைக்கு எந்தச் சிவப்பு என்று கூட்டத்துக்கு மேல் கூட்டம் போட்டு, ஏகமனதாக நீலத்தைத் தேர்ந்தெடுத்தோம்.

திறப்பு விழா நெருங்கும்போது என் அக்காள் கணவர் வந்தார். சுரங்கத்தில் துளை போடுகிறவர். மீசையை எடுக்காமலே ராணி வேஷம் கட்டியவர் என்பதால் ஊருக்கே 'மகாராணி'.

"மாப்ளே, மறுபடியும் வேஷம் கட்டணும். வசனம்கூட ரெடி. 'அமைச்சரே, கொட்டகைக்குக் கூரை மாற்றினீரே, சுரங்கத்தின் கூரை என் குடிகளின் தலையில் உதிர்கிறதே, அதை எப்போது மாற்றுவீர்?' எப்படி?"

"நல்லாத்தான் இருக்கு மாமா. தலைவரைக் கேக்கணும்."

தலைவர் ஆழ்ந்து யோசித்தார். "வசனம் பேசினா அதிர்வு வரும். புதுப் பூச்சு விட்டுடும். வேணும்னா 'பாரம்பரியத் தொழிலாளி'யா மேடையில சும்மா நிக்கட்டும்."

மேடை ஏறினால் போதும், பேசிக்கொள்ளலாம் என்று மாமா ஒப்புக்கொண்டார். விழாவன்று சுரங்கத்திலிருந்து நேராக, உடம்பெல்லாம் கரியுடன் வந்தார். ஒப்பனைக்காரர் வாசலிலேயே மறித்தார்.

"குளிச்சிட்டு வாங்க சார், கரி பூசணும்."

"இதுவும் கரிதானேப்பா?"

"இது அழுக்கு. என்கிட்ட இருக்கறது மேக்கப்."

குளித்தார், பூசினார்கள். திரை விலகியது. மாமா முன்னால் வந்து, "அமைச்சரே" என்று ஆரம்பித்தார். தலைவர் விரலை அசைத்தார். பேண்டு வாத்தியம் முழங்கியது. மாமா வசனம் முழுவதையும் பேசினார். எங்களுக்கு மீசை அசைந்தது மட்டும் தெரிந்தது. வந்திருந்த பிரமுகர்கள் எழுந்து நின்று கைதட்டினார்கள்.

"என்ன இயல்பான நடிப்பு" என்று தலைவர் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

மறுநாள் மாமா அதே உதிரும் கூரையின் கீழ் துளை போடப் போனார். ஆனாலும் குழுவின் சாதனையைக் குறைத்துச் சொல்லக் கூடாது. தொழிலாளி பேசுவது காதில் விழாமல் பார்த்துக்கொள்வது எங்கள் ஊரில் காலங்காலமாக நடப்பதுதான். அதற்கு டிக்கெட் போட்டது இதுதான் முதல் தடவை.