கானாடுகாத்தான் சுவரில் என் கை

வாத்தியார் வேலையில் இருப்பவர்களுக்கு ஒரு வியாதி உண்டு. எதைப் பார்த்தாலும் விளக்கம் சொல்லாமல் இருக்க முடியாது. எனக்கு அது முற்றிப்போன நிலையில் இருக்கிறது. அதற்காக நான் வெட்கப்படுவதாக இல்லை. (கானாடுகாத்தானில் நடந்ததற்கு மட்டும் கொஞ்சம் வெட்கப்படலாம். அதுவும் பாதிதான்.)

சில வருடங்களுக்கு முன் எங்கள் பக்கத்துச் சின்ன அருங்காட்சியகம் ஒன்று, நம்ம ஊர் மண், கல், பறவை என்று ஒரு கண்காட்சி வைத்தது. குழந்தை குட்டிகளோடு வரலாம். அவர்கள் கட்டடத்தில் இடம் போதாமல், கானாடுகாத்தானில் ஒரு பெரிய வீட்டின் கூடத்தைக் கேட்டு வாங்கினார்கள். வீட்டுக்குச் சொந்தக்கார ஆச்சி சென்னையில் இருப்பவர், என் வயதுதான் இருக்கும். எங்கள் பக்கத்தில் செட்டியார் வீட்டுப் பெண்கள் எந்த வயதிலும் ஆச்சிதான். ஒரே ஒரு நிபந்தனை போட்டார். சுவரில் ஆணி அடிக்கக் கூடாது, எதையும் ஒட்டக் கூடாது, அழுக்குப் படக் கூடாது. (கணக்கு டீச்சர் எண்ணினால் மூன்று வரும்.)

முட்டை வெள்ளைக்கரு கலந்து தேய்த்த சுண்ணாம்புச் சுவர் அது. முகம் பார்த்துப் பொட்டு வைக்கலாம். தேவகோட்டையில் அறிவியல் டீச்சரான என்னைக் கல் மேசைக்குப் பொறுப்பாகப் போட்டார்கள். கற்களைக் கண்ணாடிப் பெட்டிக்குள் வைக்கச் சொன்னார்கள். நான் ஒத்துக்கொள்ளவில்லை. தொடாத கல்லில் என்ன பாடம் இருக்கிறது? செம்புறாங்கல், வெள்ளைக்கல், சிவகங்கைப் பக்கமே தோண்டி எடுக்கும் கிராஃபைட் எல்லாவற்றையும் மேசையில் திறந்து பரப்பி, ‘தொட்டுப் பாருங்கள்’ என்று கொட்டை எழுத்தில் எழுதி வைத்தேன்.

முதல் நாள் காலையிலேயே நல்ல கூட்டம். பென்சிலுக்குள் இருப்பது இதுதான் என்று சொல்லி, கிராஃபைட்டை உள்ளங்கையில் தேய்த்துக் காட்டினேன். கை கறுத்துப் பளபளத்தது. பிள்ளைகளும் வரிசையில் நின்று தேய்த்துக்கொண்டார்கள். அதோடு நிறுத்தியிருக்கலாம். வியாதி விட்டால்தானே?

“கல்லு மேசையில மட்டுமா இருக்கு? இந்தச் சுவரும் கல்லுலேருந்து வந்ததுதான். சுண்ணாம்புக்கல்லையும் கிளிஞ்சலையும் சுட்டு எடுத்தது. எப்புடிக் குளுகுளுன்னு இருக்கு பாருங்க” என்று சொல்லி, அதே கையைச் சுவரில் ஓங்கிப் பதித்தேன்.

எங்கள் பக்கத்தில் பெரிய வீட்டுக்குள் போன யாரும் சுவரைத் தடவாமல் வெளியே வந்ததில்லை. கல்யாண வீட்டில் பந்திக்கு ஓடுகிறவர்கள்கூடப் போகிற போக்கில் ஒரு தடவு தடவிவிட்டுத்தான் ஓடுவார்கள். டீச்சரே சொன்ன பிறகு கேட்க வேண்டுமா? பிள்ளைகள் தடவினார்கள், பெற்றவர்கள் தடவினார்கள், ஒரு அம்மா கன்னத்தையே வைத்துப் பார்த்தார். பாடம் நன்றாகப் போகிறது என்ற பெருமையோடு திரும்பினேன். கூடம் முழுக்கக் கறுப்புக் கைகள்.

என் கணவர் சேவியர் ஓடிப்போய் ஈரத்துணி கொண்டுவந்து துடைத்தார். துடைத்த இடத்தில் மட்டும் கைகள் ஒன்றாகக் கலந்து மழை மேகமாயின. கண்காட்சிக்காக ஊருக்கு வந்திருந்த ஆச்சி, அந்த நேரம் பார்த்து உள்ளே வந்தார்.

அவர் ஒவ்வொரு கையாகப் பார்த்துக்கொண்டே வந்து, என் தோள் உயரத்தில் இருந்த ஒன்றின் முன்னால் நின்றார்.

“இதெல்லாம் சின்னப் பிள்ளைக கை. இந்தப் பெரிய கை யாரோடது?”

என் கையைச் சேலைக்குள் மறைத்தேன். (வெளிர் மஞ்சள் சேலை. அதுவும் போயிற்று.)

“என்னோடதுதான் ஆச்சி.”

“டீச்சர் நீங்களே இப்புடிச் செஞ்சீகன்னா என்ன சொல்றது? எல்லாத்தையும் எடுத்துருங்க. நாளைக்கு யாரும் வர வேணாம்.”

மறுநாள் வர இருந்தவர்கள் கல்லல் பக்கத்துக் கிராமப் பள்ளிப் பிள்ளைகள். அவர்களுடைய தலைமை ஆசிரியை ஒரு மாதம் அலைந்து பஸ் ஏற்பாடு செய்திருந்தார். தப்பு செய்தது நான், ஏமாறப் போவது அவர்களா? எனக்குக் கோபம் வந்துவிட்டது. நியாயமாக என் மேல்தான் வந்திருக்க வேண்டும், ஆனால் அது வாய் வழியாக வந்துவிட்டது.

“சுவரை நான் வெள்ளையாக்கித் தாரேன் ஆச்சி. மேசையை மட்டும் எடுக்க மாட்டேன். அந்தப் பிள்ளைக தொட்டுத்தான் பாக்கணும்.”

ஆச்சி என்னை மேலும் கீழும் பார்த்தார். பொழுது சாய்வதற்குள் சுவர் பழையபடி இருந்தால் பார்க்கலாம் என்றார்.

பென்சில் கறையை எது அழிக்கும் என்று ஒரு அறிவியல் டீச்சருக்குச் சொல்லித்தர, அப்போது எட்டாம் வகுப்பு படித்துக்கொண்டிருந்த என் மகள் ஜெனி வேண்டியிருந்தது. “ரப்பர்ல அழியும்ல அம்மா?” என்றாள். சேவியர் காரைக்குடிக்குப் போய்ப் பை நிறைய ரப்பர் வாங்கி வந்தார். மூன்று பேரும் சாயங்காலம் வரை நின்று ஒரு வீட்டையே அழித்தோம். பிள்ளைகளின் கைகள் போயின. மழை மேகமும் போயிற்று. ஓங்கிப் பதித்த என் கை மட்டும் மங்கலாக அப்படியே நின்றது.

ஆச்சி வந்து பார்த்தார். நாரைப் படம் ஒட்டிய பலகையை இழுத்து என் கைக்கு முன்னால் நிறுத்தினார். “நாளைக்கு வாளியில தண்ணியும் சோப்பும் வைங்க” என்று சொல்லிவிட்டுப் போனார்.

இன்றைக்கும் எங்கள் வீட்டில் எங்கே கறை தெரிந்தாலும், “அம்மா பாடம் நடத்தியிருக்காக” என்கிறாள் ஜெனி. புதிதாக வெள்ளையடித்த வீடு எதற்குப் போனாலும், சேவியர் வாசலிலேயே என் இரண்டு கையையும் திருப்பிப் பார்த்துவிட்டுத்தான் உள்ளே விடுகிறார்.

நன்றாகப் பார்க்கட்டும். கல்லல் பிள்ளைகளில் ஒருத்தர்கூடத் தொடாமல் திரும்பிப் போகவில்லை.